‘போயிட்டு வர்றேன்’ என்றால் என்ன? ஓட்டிசம் உள்ள ஒரு மலையக மாணவி பழகக் கற்றது: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் விசேட கல்வி ஆசிரியை. ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகும், பேசும், சத்தம் போன்றவற்றை உணரும் விதம் சிறு வயதிலிருந்தே வேறாக இருக்கும் நிலை) உள்ள எங்கள் மாணவி ஒருத்தியுடன் தரம் 9 முதல் தரம் 11 வரை, ஏறத்தாழ 2 வருடங்கள் செய்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவளுக்கும் அவளது அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

பின்னணி

அவளுக்கு அப்போது 14 வயது. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், அப்புறம் தேயிலைக்கு நடுவே 2 கிலோமீற்றர் ஏறினால் அவர்கள் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் அம்மாயியும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி (சமையலறை). சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அவர்கள் வீட்டு டீவி, சண்டை, குழந்தையின் இருமல் எல்லாம் இவள் காதுக்கு வந்து சேரும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் சத்தம் வேறு. ஓட்டிசம் உள்ள பலருக்குச் சத்தம் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும். காலையில் பாடசாலைக்கு வந்து சேரும்போதே இவள் பாதி களைத்திருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

3 வயது வரை சரியாகப் பேசவில்லை. “அப்பன் மாதிரி, மெதுவாத்தான் பேசும்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பேசத் தொடங்கியபோது கேட்டதையே திருப்பிச் சொன்னாள். “சாப்பிடுறியா?” என்றால் “சாப்பிடுறியா” என்பாள். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) ஒரு மூலையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைத் தடவிக்கொண்டே இருப்பாளாம். யாரையும் அடித்ததில்லை, எங்கும் ஓடியதில்லை. அதனால் யாரும் கவலைப்படவில்லை. பாடசாலையிலும் அப்படியே போனது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் 80 புள்ளிக்குக் கீழே வந்ததில்லை. தரம் 1 முதல் 8 வரையான முன்னேற்ற அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘அடக்கமான பிள்ளை’ என்றே எழுதியிருந்தது. அவற்றில் இரண்டு என் கையெழுத்து.

பெண் பிள்ளைகளின் ஓட்டிசம் பிந்தித் தெரிய வருவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தை மனநல வைத்தியர் லியோ கானர் 1943இல் முதன்முதலாக விவரித்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்கள், 3 பேர்தான் பெண்கள். பிறகு வந்த அளவுகோல்களும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பார்த்தே உருவானவை. பெண் பிள்ளைகள் பலர் பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்து அதே போலச் செய்து சமாளித்துவிடுவார்கள். ‘பொம்பளப் புள்ள அமைதியா இருக்கணும்’ என்ற எதிர்பார்ப்பு மீதியை மூடி மறைத்துவிடும். இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. எங்கள் பாடசாலையில் 600 பிள்ளைகள். அந்தக் கணக்குப்படி 6 பேராவது இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் அப்போது இருந்தது ஒரே ஓர் ஆண் பிள்ளை.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. இந்தக் கதை முழுக்க அது வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா அன்றாடம் பறித்த கொழுந்தின் நிறையை 9 வயதில் இருந்து எழுதி வருகிறாள். காலை 6 கிலோ, மத்தியானம் 8, அந்தி 5, கழிவு 2. அம்மா மலையால் இறங்கி வந்ததும் முதலில் கேட்பது “எத்தன?” என்றுதான். வீட்டில் அது ஒரு பழக்கமாகவே தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததில் அவளுக்கு வரும் சந்தோஷம் அந்த ஒரு சொல்லில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கடிதச் சம்பவம்

தரம் 9, முதலாம் தவணை. இடைவேளையில் 4 மாணவிகள் மடித்த தாள் ஒன்றை அவளிடம் கொடுத்து, “இத தரம் 11 அண்ணன்கிட்ட குடுத்திட்டு வா. நாங்க ஒன் ஃப்ரெண்டுதானே” என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாள். அது காதல் கடிதம். கீழே இவள் பெயர் எழுதியிருந்தது.

ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் இருந்தேன்.

“நீதான் குடுத்தியா?”

“ஆமா சேர்.”

“ஏன் குடுத்தே?”

“குடுக்கச் சொன்னாங்க.”

மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பார்க்கவில்லை. அது திமிர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. மத்தியானம் வரை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். மறுநாள் அம்மா ஒரு நாள் பேரை (ஒரு நாள் கூலியை) விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்து, குனிந்த தலையோடு மன்னிப்புக் கேட்டார்.

அன்று பாடசாலை விட்ட பிறகு அவள் என் அறை வாசலில் வந்து நின்று கேட்டாள்: “டீச்சர், அவங்க இன்னும் என் ஃப்ரெண்டா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரமே அம்மாவோடு பேசி, வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்தோம்.

கவனித்தவை

கண்டியில் ஒரு கிளினிக்கில் பார்ப்பதற்கு 4 மாதம் ஆனது. இரண்டு தடவை போனோம். விடியற்காலை பஸ், திரும்பி வர இருட்டிவிடும். வைத்தியர் பொறுமையானவர். ஆனால் அவர் பேசியது சிங்களம், தாதி ஒருவர் நின்று தமிழில் சொன்னார், அறிக்கை வந்தது ஆங்கிலத்தில். ஓட்டிசம் என்றும், அறிவு வளர்ச்சியில் பின்னடைவு இல்லை என்றும் எழுதியிருந்தது. அதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஆறுதலாக வாசித்துவிட்டு, “அப்ப எம்புள்ள வேணும்ணு செய்யல” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்கிடையில் 3 வாரம் இடைவேளை நேரத்தில் அவளைக் கவனித்துக் குறித்துக்கொண்டேன். மாணவிகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது இவள் இரண்டடி தள்ளி நிற்பாள். எல்லோரும் சிரித்தால் அரை நொடி தாமதித்து இவளும் சிரிப்பாள், இவளைப் பற்றியே சிரித்தாலும் கூட. ஒரு நாள் வட்டத்துக்குள் போய், ஒருத்தியிடம், “ஒன் தலையில பேன் ஓடுது” என்றாள். உண்மைதான், உதவி என்று நினைத்துத்தான் சொன்னாள். அடுத்த 5 நாளும் யாரும் அவளோடு பேசவில்லை. தரம் 6 பிள்ளைகளைக்கூட ‘நீங்க, வாங்க’ என்றுதான் அழைப்பாள். ‘மரியாதையாப் பேசணும்’ என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அலறும் நேரத்தில் பாவாடை மடிப்பை விரலால் நசுக்கிக்கொண்டே நிற்பாள். சில நாட்களில் அந்த மடிப்பு கிழிந்திருந்தது.

முதல் திட்டம்

நாங்கள் முதலில் செய்தது தவறு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறோம்.

கண்ணைப் பார்த்துப் பேசுதல், சிரித்து வணக்கம் சொல்லுதல், கையை ஆட்டாமல் வைத்திருத்தல், மற்றவர் பேசும்போது தலையாட்டுதல். இந்த நான்கையும் ஒரு அட்டவணையில் போட்டு 6 வாரம் பயிற்சி கொடுத்தேன். செய்தால் ஒரு நட்சத்திரம். 20 நட்சத்திரத்துக்கு ஒரு பேனை. கணக்கை விரும்பும் பிள்ளை, நட்சத்திரங்களைச் சேர்த்தாள். மூன்றாவது வாரமே எல்லாம் செய்தாள். வகுப்பாசிரியர் பாராட்டினார். “பிள்ளை மாறிட்டுது” என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். நானும் மகிழ்ந்துபோனேன்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை நான் லயத்துக்குப் போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், அரிசி மூட்டையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகங்களைச் சதை தெரியக் கடித்திருந்தாள். கொப்பியில் 12 நாட்களாக ஒன்றும் எழுதவில்லை. அம்மா இஸ்தோப்பில் எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“ஸ்கூல்ல நல்லா இருக்கான்னு சொல்றீங்க டீச்சர். வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. எத்தனன்னுகூடக் கேக்க மாட்டேங்குறா.”

பாடசாலையில் 6 மணித்தியாலம் நடித்து முடித்துவிட்டு, மிச்சம் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வெளியில் நாங்கள் பார்த்த முன்னேற்றம் எல்லாம் வீட்டில் இருந்து எடுத்தது. இப்படி மறைத்து நடிப்பதால் வரும் களைப்பையும் மனச்சோர்வையும் பற்றி ஓட்டிசம் உள்ள பெண்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதை வாசித்தது இதற்குப் பிறகுதான்.

அட்டவணையை அன்றோடு நிறுத்தினோம். ஒரு வாரம் அவள் வீட்டில் இருக்கட்டும் என்று அதிபரிடம் கேட்டு வாங்கினேன்.

அவளிடம் கேட்டது

திரும்பி வந்த பிறகு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: உனக்கு என்ன வேண்டும்? வாயால் பதில் வரவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். 20 நிமிடம் கழித்து எழுதிக் கொடுத்தாள்.

“1. சாப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒருவர் போதும். 2. சும்மா சொல்கிறார்களா, நெசமாகச் சொல்கிறார்களா என்று தெரிய வேண்டும். 3. தனியாகக் கடைக்குப் போக வேண்டும். 4. கண்ணைப் பார்த்தால் காது கேட்காது. அது வேண்டாம்.”

எங்கள் இரண்டாவது திட்டம் இந்தத் தாள்தான். பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான், ஒரு பக்கத்தின் குறை என்று அதை எழுதிவிட முடியாது. இதை ஏற்றுக்கொண்டால் வேலையில் பாதியை அவளைச் சுற்றி இருப்பவர்களிடம் செய்ய வேண்டும். அப்படியே பிரித்துக்கொண்டோம். கண்ணைப் பார்க்கச் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் விட்டுவிட வேண்டும் என்று அதிபர் கூட்டத்தில் சொன்னார். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சொன்னதைச் செய்தார்கள்.

நம் பேச்சில் இருக்கும் சிக்கல்

சமூகப் பழக்கத்தைச் சின்னக் கதைகளாக எழுதிக் கொடுக்கும் முறையைக் கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991இல் உருவாக்கினார். அந்த மாதிரிக் கதைகள் சிலவற்றைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பொருந்தவில்லை. மலையகத்தில் ஒரு பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு.

ஒரு நாள் அத்தை முறையான ஒருவர் வந்துவிட்டு, “சரி, போயிட்டு வர்றேன்” என்று கிளம்பினார். இவள் இரவு 9 மணி வரை இஸ்தோப்பில் காத்திருந்தாள். அவர் வரவில்லை. மறுநாள் பீலிக்கரையில் (லயத்தார் தண்ணீர் எடுக்கும் இடத்தில்) அவரைக் கண்டதும் எல்லோர் முன்னாலும், “வர்றேன்னு பொய் சொன்னீங்க” என்றாள். அத்தைக்குக் கோபம். அம்மா சமாதானம் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆனது. நம் ஊரில் ‘போறேன்’ என்று சொல்வது அபசகுனம், அதனால்தான் ‘வர்றேன்’ என்கிறோம் என்பதை இத்தனை வயது வரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லையே. சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டாள். கொப்பியின் பின்பக்கத்தில், “வர்றேன் = போறேன். நாள் சொன்னால் மட்டும் வருவார்கள்” என்று எழுதினாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

‘சாப்பிட்டியா?’வும் அதே மாதிரி. அவளைப் பொறுத்தவரை அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. என்ன சாப்பிட்டாள், எத்தனை ரொட்டி, சம்பலில் உறைப்பு எவ்வளவு என்று முழுதாகச் சொல்வாள். ‘வணக்கம் மாதிரிக் கேள்வி’, ‘பதில் வேணுங்கிற கேள்வி’ என்று இரண்டு பட்டியல் போட்டோம். ஒவ்வொரு வாரமும் அவளே புதிதாகக் கேட்டதைச் சேர்ப்பாள். எது எந்தப் பட்டியலில் வரும் என்று தெரியாவிட்டால் என்னிடம் வருவாள். எனக்கும் சில சமயம் தெரியவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

பெரிய சிக்கல் முறைப்பெயர்களில் இருந்தது. வெளிநாட்டுப் பாதுகாப்புப் பாடங்களில், குடும்பம், நண்பர், அந்நியர் என்று வட்டம் வட்டமாக வரைந்து, அந்நியரோடு போகாதே என்று சொல்வார்கள். லயத்தில் அந்நியர் யார்? பாண் விற்கிறவர் அண்ணே, ஓட்டோக்காரர் மாமா, கணக்கப்பிள்ளை பெரியப்பா, வழியில் போகிற கிழவி அம்மாயி. முறை சொல்லிக் கூப்பிடும் எல்லோரும் சொந்தம் என்றே அவள் 14 வயது வரை நம்பியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவள் கொண்டுபோனதற்கும் இதுதான் காரணம். ‘அண்ணன்’ என்றார்களே.

வட்டங்களை அழித்துவிட்டு வேறு மாதிரிச் செய்தோம். ஆளின் பெயரை எழுதாமல், காரியத்தை எழுதினோம். யாரோடு பேசலாம், யார் கொடுத்தால் சாப்பிடலாம், யாரோடு ஓட்டோவில் ஏறலாம், யார் தொடலாம். கடைசி இரண்டு வரிசையிலும் அம்மாவோடு உட்கார்ந்து பெயர் போட்டோம். அந்த வரிசைகளில் மொத்தம் 5 பேர். “கூப்பிடுற பேரு வேற, நெருக்கம் வேற” என்று அம்மா தன் பாணியில் சொன்னார். அவளுக்கு அது பிடித்தது, பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடைக்குப் போகும் பயிற்சி இவற்றைவிட இலகுவாகப் போனது. “அண்ணே, ஒரு பாண் குடுங்க” என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள், மிச்சக் காசில் தவறே வராது. நான்காம் நாள் கடைக்காரர், “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டுவிட்டார். போன மாதம் அப்பா குடித்துவிட்டு வந்து போட்ட சண்டையை ஒன்றும் விடாமல் சொன்னாள். கடையில் 6 பேர் நின்றார்கள். வீட்டு விஷயத்தில் எது வாசலுக்குள்ளே இருக்க வேண்டும் என்ற பாடத்தை நான் மறந்துபோயிருந்தேன். அதேநேரம், ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்று ஒரேயடியாகச் சொல்லவும் கூடாது. யாராவது அவளுக்குக் கெடுதல் செய்தால் அதையும் மறைத்துவிடுவாள். ஆகவே ‘கடையில் சொல்வது’, ‘அம்மாவிடமும் டீச்சரிடமும் சொல்வது’ என்று பிரித்தோம். பிள்ளைகள் உதவி கேட்டு அழைக்கக்கூடிய 1929 என்ற இலக்கத்தையும் கொப்பியின் அட்டையில் எழுதினோம்.

‘வேணாம்’ சொல்லக் கற்றது

சொன்னதைச் செய்கிற பிள்ளை என்றுதான் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். எனக்குப் பயம் அதில்தான் இருந்தது. சொன்னதை எல்லாம் செய்கிற 14 வயதுப் பெண் பிள்ளையை யாரும் எதுவும் செய்ய வைக்கலாம். பணிவைக் கற்றுக்கொடுக்கும் நாம், மறுக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அது பாதுகாப்பற்ற பணிவு.

அறையில் பழகினோம். நான் ஏதாவது செய்யச் சொல்வேன், அவள் “வேணாம்” அல்லது “மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. நான் சொல்வதைச் செய்துவிட்டு அழுதாள். ஒரு நாள் அவள் கொப்பியைக் கையில் எடுத்து, “இத நான் வீட்டுக்கு எடுத்துப் போறேன்” என்றேன். “மாட்டேன். குடுங்க” என்றாள். குரல் நடுங்கியது. கொடுத்துவிட்டேன். அதைப் பயிற்சிக்காக என்று நினைத்து நான் செய்தது சரிதானா என்று இன்றும் யோசிக்கிறேன். இன்னொருத்தியின் உயிர் மாதிரி இருக்கும் பொருளைத் தொட்டிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் வகுப்பாசிரியர் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னபோது, “வேணாம்” என்றாள். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அவரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. எதற்கு மறுக்கலாம், எதற்கு மறுக்க முடியாது என்று வரிசைப்படுத்த இன்னும் ஒரு மாதம் போனது.

பயன் தெரிந்தது தரம் 10 நடுவில். மழையில் நடந்து வந்தவளுக்குப் பக்கத்தில் தெரிந்த ஒருவர் ஓட்டோவை நிறுத்தி ஏறச் சொன்னார். “வீட்டுல சொல்லாம ஏற மாட்டேன் பெரியப்பா” என்று சொல்லிவிட்டு நனைந்தபடியே நடந்தாள். அவர் நல்ல மனிதர்தான். மனம் வருந்தி அம்மாவிடம் வந்து கேட்டார். அம்மா அவருக்கு விளக்கினார். பிறகு என்னிடம் சொன்னார், “அவரு கோவிச்சாலும் பரவால்ல டீச்சர்.”

மழைமானி

தாளில் முதலாவதாக இருந்த வேண்டுகோள் கடைசியாகத்தான் நிறைவேறியது. முதலில் ஒரு மாணவத் தலைவியைத் துணைக்குப் போட்டேன். இரண்டே வாரத்தில் அவள் இவளுக்கு இன்னொரு டீச்சர் ஆகிவிட்டாள். “அங்க நில்லு, இப்படிச் சிரி” என்று தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

விவசாய ஆசிரியர்தான் வழி காட்டினார். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது, யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. தினமும் கொழுந்து நிறை எழுதுகிற பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். தினமும் காலைக் கூட்ட நேரத்தில் அளக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் அவஸ்தையும் தீர்ந்தது. தண்ணீர் மட்டத்தை ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத வேண்டும். எழுதுவதற்கு அவர் சேர்த்தது, திக்கிப் பேசும் ஒரு மாணவியை.

அந்தப் பிள்ளை ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும். மற்ற எல்லோரும் நடுவில் புகுந்து முடித்து வைப்பார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. ‘ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திரு’ என்று கொப்பியில் எழுதியிருந்தது, காத்திருந்தாள். மழைமானியைப் பார்த்தபடி, முகத்தில் எந்தச் சலிப்பும் இல்லாமல், அந்தப் பிள்ளை “ப... ப... பன்னிரண்டரை மில்லிமீற்றரா?” என்று கேட்டு முடிக்கும் வரை. தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

தென்மேற்குப் பருவமழை முழுக்க அளந்தார்கள். ஆவணி பிறந்தபோது சாப்பாட்டுப் பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. என்ன பேசுகிறார்கள் என்று நான் போய்க் கேட்கவில்லை.

வகுப்பு மாணவர்களோடு குடியியற் கல்வி நேரத்தில் 4 தடவை பேசினேன். அவளுக்கு ஓட்டிசம் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். சத்தம் சிலருக்கு வலிக்கும், சிலருக்குக் கிண்டல் புரியாது, ‘சும்மா சொன்னேன்’ என்று உடனே சொல்லிவிட்டால் போதும் என்பவற்றைப் பொதுவாகப் பேசினோம். ‘சும்மா’ என்ற சொல் அந்த வகுப்பில் நிலைத்துவிட்டது. இப்போது மற்றவர்களும் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பின்னர் நடந்தது

2 வருட முடிவில் அவளுக்கு ஒரு தோழி இருக்கிறாள். தனியாகக் கடைக்குப் போகிறாள். கண்ணைப் பார்ப்பதில்லை, பேசுகிறவரின் தோளுக்கு மேலே பார்க்கிறாள். காலைக் கூட்டத்துக்கு இன்னும் வருவதில்லை. கொப்பி திரும்பவும் நிரம்புகிறது, அம்மாவிடம் “எத்தன?” என்று கேட்கிறாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கோயில் திருவிழாவில் தப்பு மேளச் சத்தமும் வெடியும் சேர்ந்தபோது, காதைப் பொத்திக்கொண்டு சாலையில் ஓடினாள். நல்ல வேளை, வண்டி வரவில்லை. அடுத்த வருடம் காதில் பஞ்சு வைத்து, பிள்ளை மடுவத்துத் திண்ணையில் தோழியோடு இருந்து பார்த்தாள். சாமி வரும்போது மட்டும் எழுந்து நின்று கும்பிட்டாள். உறவினர் சிலர், “மருந்து குடுத்தா சரியாகுமா?” என்று இன்னும் கேட்கிறார்கள். இது மருந்தால் மாறுகிற நோய் இல்லை என்று அம்மாவே இப்போது பதில் சொல்கிறார்.

போன தவணையில் வேறொருத்தி ஒரு மடித்த தாளை நீட்டியிருக்கிறாள். “யாரு எழுதினாங்க?” என்று கேட்டாளாம். பதில் வரவில்லை. “அப்ப நீயே குடு” என்று சொல்லிவிட்டு மழைமானியைப் பார்க்கப் போய்விட்டாள். இதைத் தோழிதான் எனக்குச் சொன்னாள், சொல்லி முடிக்க நேரம் எடுத்தது, இருவரும் காத்திருந்தோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே அவளிடம் கேட்டிருப்பேன், அதுவும் எழுத்தில். அட்டவணை போட்ட அந்த 6 வாரம் அவளுக்குச் செய்த கெடுதல். பாடசாலையில் எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்காமல், முதல் வாரத்தில் இருந்தே வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கொப்பி எழுதுகிறாளா என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்திருப்பேன். ‘வேணாம்’ சொல்லப் பழக்கும் முன்பு ஆசிரியர்கள் எல்லோரிடமும் பேசியிருப்பேன்.

கடிதம் கொடுத்த அந்த 4 மாணவிகளை விசாரித்து, பெற்றோரைக் கூப்பிட்டுத் தண்டித்தோம். அவர்களுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களும் 14 வயதுப் பிள்ளைகள்தான். அவர்களோடும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்பாவையும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர்தானே என்று விட்டுவிட்டேன். அவர் வரும் நாட்களில்தான் வீட்டில் அவளுக்குத் தடுமாற்றம் அதிகம். தொலைபேசியிலாவது பேசியிருக்கலாம்.

இன்னொன்று, ஒரே தோழியை நம்பி இருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளை உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போகப்போகிறாள். இதைப் போன மாதமே இரண்டு பேரோடும் பேசத் தொடங்கினோம். எந்தக் கிழமையில் தொலைபேசியில் பேசுவது, எந்த நாளில் டவுனில் சந்திப்பது என்று நாட்களைக் குறித்திருக்கிறார்கள். தோழி, “நா... நான் வர்றேன்” என்றபோது இவள் உடனே கேட்டாள், “என்னைக்கு?” அவள் நாள் சொன்னாள். இவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.